சாக்குக்கு விருது, சட்டைக்குச் சான்றிதழ்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் கேமரன் மலையின் கம்போங் ராஜா பெக்கானில் சட்டைகள் நடமாட ஆரம்பித்துவிடும். சட்டைக்குள் ஆட்களும் இருப்பார்கள். கண்ணில் படுவது என்னவோ சட்டைதான். சிம்பாங் பூலாய் சாலை வழியாக ஈப்போவிலிருந்து ஏறிவரும் ஒவ்வொரு காரிலிருந்தும் நான்கு சட்டை இறங்கும். மழை உள்ளே வராத சட்டை, காற்று உள்ளே வராத சட்டை, வேர்வை மட்டும் வெளியே போகிற சட்டை. எங்கள் ஊர்க் குளிர் ஆளைக் கொல்கிற குளிர் இல்லை. விடியற்காலையில் பதினைந்து பதினாறு டிகிரிக்கு இறங்கும். பல் துலக்கும்போது உதடு கொஞ்சம் தந்தியடிக்கும், அவ்வளவுதான். வருகிறவர்களைப் பார்த்தால், எவரெஸ்டுக்குப் போகிற வழியில் ரொட்டி சானாய் தின்ன நின்றவர்கள் மாதிரி இருக்கும்.

போன மழைக்காலத்தில் அப்படி ஒரு சட்டை எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தது. என் அக்காள் மகனின் சிநேகிதர். கோலாலம்பூரில் விளம்பரக் கம்பெனியில் வேலை. தேயிலைத் தோட்டத் தமிழர்களைப் பற்றிக் குறும்படம் எடுக்கப்போகிறாராம். முப்பத்தோரு வருஷம் கொழுந்து பறித்த என் அம்மாவை அதில் காட்ட வேண்டுமாம். தேநீர் ஆறுவதற்குள் பேச்சு எப்படியோ அவர் சட்டைக்குப் போய்விட்டது.

"இது எதிக்கல் ஜாக்கெட், அங்கிள். அறம் சார்ந்த தயாரிப்பு. இருபத்தஞ்சு தண்ணி போத்தலை மறுசுழற்சி செஞ்சு நெய்தது."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன விலை தம்பி?"

"ஆயிரத்து இருநூறு வெள்ளி, பாட்டி. தள்ளுபடியில."

அம்மா கொஞ்ச நேரம் கணக்குப் போட்டாள். "போத்தல் காலியாத்தானே இருந்துச்சு?"

தம்பி சிரித்துவிட்டு, உள்ளே வைத்துத் தைத்திருந்த வாத்து இறகைப் பற்றிச் சொன்னார். உயிருள்ள வாத்திலிருந்து பிடுங்கிய இறகு இல்லையாம். அதற்குச் சான்றிதழ் உண்டாம். அது பொய்யில்லை. வாத்து இறகுக்கென்று 2014இலிருந்து ஓர் உலகத் தரச்சான்று நடைமுறையில் இருக்கிறது. வாத்தை வதைக்கக் கூடாது, வலுக்கட்டாயமாகத் தீனி திணிக்கக் கூடாது, உயிரோடு இறகு பிடுங்கக் கூடாது. நல்ல விதிகள். வாத்துகள் வாழட்டும். அம்மாவுக்கு வலது கை நடுவிரல் இன்றைக்கும் முழுசாக மடங்காது. உயிரோடு பறித்ததற்கு அவள் கையில் சான்றிதழ் எதுவும் இல்லை.

மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. மூன்று வாரம் மலையில் நின்றால் அந்தச் சட்டையை வாங்கலாம். ஒரே நிபந்தனை, அந்த மூன்று வாரமும் சாப்பிடக் கூடாது.

மலையில் அம்மா போட்டிருந்த உடுப்பைச் சொல்கிறேன். காலையில் தேயிலைச் செடி இடுப்பு வரைக்கும் நனைந்து நிற்கும். மழை பெய்ய வேண்டுமென்பதில்லை, பனியே போதும். நிரையில் இறங்கிப் பத்தடி நடப்பதற்குள் சேலை கனத்துவிடும். அதற்கு மருந்து, உரச் சாக்கு. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பையைக் கிழித்து இடுப்பில் சுற்றிக் கயிற்றால் கட்டுவாள். கிளை குத்திப் பிளாஸ்டிக் கிழியாமலிருக்க அதன் மேல் வெளிச்சாக்கைச் சுற்றுவாள். அதில் அச்சடித்திருக்கும் 15-15-15 என்ற எண் தலைகீழாக அவள் இடுப்பில் தொங்கும். காலில் பத்துப் பதினைந்து வெள்ளிக் கித்தா சப்பாத்து. தலையில் துண்டு, துண்டின் மேல் தொப்பி. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் முதலில் உர நெடி வரும், பிறகு கொழுந்துக் கறையின் மணம், அதற்குப் பின்னால்தான் அம்மா வருவாள்.

குறும்படத் தம்பிக்கு இந்த விவரம் ருசிக்கவில்லை. காரிலிருந்து ஒரு புத்தம்புதுக் கோணிச் சாக்கை எடுத்து வந்தார். "பாட்டி, பிளாஸ்டிக் வேணாம். சுற்றுச்சூழலுக்கு ஆகாது. கேமராவுலயும் நல்லா வராது. இதைக் கட்டிக்குங்க."

இருபத்தைந்து பிளாஸ்டிக் போத்தலை உடம்பில் மாட்டிக்கொண்டு நின்றவர் சொன்னது இது.

"இந்தச் சாக்கை நாங்க கட்டினதே இல்லையே தம்பி. நனைஞ்சா கல்லாட்டம் கனக்குமே," என்றாள் அம்மா.

"படத்துல இப்படித்தானே பாட்டி காட்டினாங்க!"

எந்தப் படம் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை. 2013 மார்ச்சில் பாலாவின் 'பரதேசி' வந்தது. பஞ்சம் பிழைக்க மலையேறிய மக்கள் சாக்கைப் போர்த்திக்கொண்டு நடந்தார்கள், நடுங்கினார்கள், செத்தார்கள். நாங்கள் வேன் பிடித்து ஈப்போவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு அழுதோம். அதே மாதம் தேசிய விருதுகளை அறிவித்தார்கள். சிறந்த உடை வடிவமைப்பு: 'பரதேசி', பூர்ணிமா ராமசாமி. அவர் வேலையைச் செவ்வனே செய்தார், விருது பெற்றார். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அந்தத் தர்க்கத்தைக் கொஞ்சம் பாருங்கள். சாக்கு எங்கள் பாட்டன் முதுகில் கிடந்தால் அது வறுமை. நடிகர் முதுகுக்குப் போனால் அது வடிவமைப்பு. நூறு வருஷம் கட்டியவளுக்குக் கிடைத்தது படர்தாமரை. நூறு நாள் படப்பிடிப்புக்குக் கிடைத்தது வெள்ளித் தாமரை.

பிற்பாடு தொலைக்காட்சியில் அந்தப் படம் ஓடியபோது அம்மா ஒரே ஒரு விமர்சனம் வைத்தாள்: "சாக்கு நல்ல சாக்கா இருக்கே." எந்தப் பத்திரிகையும் அதை அச்சிடவில்லை.

அந்தப் படம் வருவதற்கு முன்னால் ஒரு முன்னோட்டம் வெளிவந்தது. தோட்டத்துக் கங்காணி கூலிகளை எப்படி அடிப்பான் என்று நடிகர்களுக்கு நடித்துக் காட்ட, இயக்குநரே கம்பெடுத்து விளாசுகிற காட்சிகளின் தொகுப்பு அது. ஊர் உலகமெல்லாம் பதறியது. அது அடிபடாத போலிக் கம்பு என்று பிறகு விளக்கம் வந்தது. நல்லதுதான். எங்கள் தோட்டங்களில் போலிக் கம்புக்கு வசதியில்லை, அசல்தான் கட்டுப்படியானது. எனக்குப் புரியாதது ஒன்றுதான். தொழிலாளியை அடித்த கதையைச் சொல்லும் படத்துக்கு, அடிப்பதையே விளம்பரமாக்கலாம் என்று ஒரு அறையில் நாலு பேர் உட்கார்ந்து முடிவெடுத்திருக்கிறார்கள். அந்த அறையில் குளிர்சாதனம் நன்றாக வேலை செய்திருக்க வேண்டும்.

அந்தப் படத்துக்கு வேர் 'ரெட் டீ' என்ற நாவல். 1969இல் வெளிவந்தது. எழுதிய பி.எச். டேனியல் ஆனைமலைத் தோட்டங்களில் வேலை பார்த்த டாக்டர். தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டப் பாடுபட்டவர். இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். திரையில் அந்த டாக்டர் என்ன ஆனார்? கொள்ளைநோயில் சனம் சாகும்போது ஆடிப்பாடி மதம் மாற்றுகிற கோமாளி ஆனார். கண்ணீருக்கு இடம் இருந்தது, நடனத்துக்கும் இடம் இருந்தது, சங்கத்துக்குத்தான் இடம் இல்லாமல் போய்விட்டது. அழுகிற கூலிக்கு டிக்கெட் விற்கும். சந்தா கட்டி ரசீது வாங்குகிற கூலியைக் காட்டினால் பாப்கார்ன் தொண்டையில் இறங்காது.

நம் சினிமாவுக்கும் மலைக்கும் உள்ள உறவே விசித்திரமானது. மலைக்காட்சிக்கு என்று நம்மவர்கள் ஓர் உடைச் சட்டம் வைத்திருக்கிறார்கள்: நாயகனுக்குத் தோல் சட்டை, கம்பளிக் கழுத்துத்துணி, கையுறை, நாயகிக்கு ஷிபான் சேலை. பனி இருவருக்கும் பொதுவாகத்தான் பெய்யும். சுவிட்சர்லாந்து மலைகளில் நம் நாயகிகள் நடுங்கியதில் அந்த நாட்டுச் சுற்றுலா செழித்தது. 2016இல் இன்டர்லாக்கன் நகரில் யாஷ் சோப்ராவுக்குச் சிலையே வைத்துவிட்டார்கள். சிலை கோட்டுப் போட்டவருக்கு. உதடு நீலம் பாரித்தபடி காதலித்தவர்களுக்கு ஒரு கம்பளிகூட வைக்கவில்லை. தேயிலைத் தோட்டப் பாட்டு என்றால் இன்னும் சுலபம். நாயகி நிரைக்குள் ஓடுவாள், பின்னால் நாலு பேர் கூடையோடு சிரிப்பார்கள். ஓடினால் செடி முறியும், முறிந்தால் கிராணி காசு பிடிப்பார் என்பது சிரிக்கிற நாலு பேருக்கும் தெரியும். பாடலாசிரியருக்குத் தெரியாது.

சட்டைக் கதைக்கு வருவோம். அறம் விற்கும் கம்பெனிகளில் பெரிய பெயர் படகோனியா. 2011 நவம்பர் 25 அன்று, அமெரிக்காவே கடைகளில் முண்டியடிக்கும் நாளில், எங்கள் சட்டையை வாங்காதீர்கள் என்று நியூயார்க் டைம்ஸில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. 2022இல் அதன் நிறுவனர் இவோன் சூனார்ட் கம்பெனியின் உரிமையைப் பூமியைக் காக்கும் பணிக்கென்று எழுதிவைத்தார். கை தட்ட வேண்டிய காரியம்தான், தட்டினேன். அதே 2011இல் அவர்களே செய்த தணிக்கை ஒன்று உண்டு. அவர்களுக்குத் துணி நெய்து கொடுத்த தைவான் ஆலைகளில், வெளிநாட்டுத் தொழிலாளிகள் வேலைக்காக ஏஜெண்டுகளிடம் ஏழாயிரம் டாலர் வரைக்கும் கட்டிவிட்டு, அந்தக் கடனை அடைக்கவே வருஷக்கணக்கில் உழைத்தது தெரியவந்தது. அதை மூடி மறைக்காமல் வெளியே சொன்னார்கள், விதிகளைத் திருத்தினார்கள். மற்றவர்கள் அதுகூடச் செய்வதில்லை. ஆனால் எனக்கு அந்தக் கணக்கைப் படித்ததும் சொந்தக்காரனைக் கண்டதுபோல் இருந்தது. வேலைக்கு முன்னால் கடன்; கடனுக்குப் பின்னால் வேலை. இதை எங்கள் வீட்டில் கங்காணி முன்பணம் என்பார்கள்.

துண்டு என்றால் நமக்குத் தோளில் போடுவது. இலங்கைத் தோட்டங்களில் இன்னொரு துண்டு இருந்தது. இந்தக் கூலிக்கு இவ்வளவு கடன், கட்டுகிறவர் அழைத்துப் போகலாம் என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு. ஆளை விற்கும் ரசீதுக்கு எவ்வளவு மரியாதையான பெயர்! 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். குளிருக்குக் கொடுத்த கம்பளியின் விலையும் அங்கே கூலியின் பற்றில்தான் ஏறியது. ஆக, தமிழன் உடுத்திய முதல் மலைச்சட்டை கடனில் வந்தது. மலாயாவுக்குக் கங்காணி ஆள் பிடித்து வருவது 1938இல், இந்திய அரசு தடை போட்டதோடு நின்றது.

நின்றது என்று பாடப்புத்தகம் சொல்கிறது. 2020 ஜூலையில் இந்த நாட்டின் பெரிய கித்தா கையுறைக் கம்பெனியான டாப் குளோவின் சரக்கை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்து நிறுத்தியது. 2021 மார்ச்சில், கட்டாய உழைப்பு நடந்ததற்குச் சான்று இருக்கிறது என்று அறிவித்தது. கம்பெனி, தொழிலாளிகள் ஏஜெண்டுகளுக்குக் கட்டிய பணத்தை ஈடுகட்டப் பதின்மூன்று கோடிக்கும் மேற்பட்ட வெள்ளியைத் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகு தடை விலகியது. உலகமே கொரோனாவுக்குப் பயந்து கையைக் காப்பாற்றிக்கொண்ட காலம் அது. கையுறை செய்த கைகளுக்கு அடகு ரசீது இருந்தது. கங்காணி சாகவில்லை. தலைப்பாகையைக் கழற்றிவிட்டு ஏஜென்சி போர்டு மாட்டிக்கொண்டான்.

நாங்கள் மட்டும் யோக்கியமா? 2016 ஜூலையில் 'கபாலி' வந்தது. விமானத்தின் உடம்பில் ரஜினி படம் வரைந்து பறக்கவிட்டார்கள். காந்தி சட்டையைக் கழற்றியதிலும் அம்பேத்கர் கோட்டுப் போட்டதிலும் அரசியல் உண்டு என்று இயக்குநர் ரஞ்சித் திரையில் சொல்லவைத்தபோது விசிலடித்தவர்களில் நானும் ஒருவன். தோட்டத்துப் பையன் கோட்டுப் போட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்த அந்தக் காட்சிக்காக எத்தனை முறை வேண்டுமானாலும் விசிலடிப்பேன். மறுவாரமே பண்டல் கடைக்குப் போய் எனக்கும் ஒரு கோட்டு வாங்கினேன். ஜப்பான்காரர் யாரோ கழித்துப்போட்டது. உள்பையில் அவர் பெயர் பூவேலையாகத் தைத்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டு எங்கே போவது என்றுதான் தெரியவில்லை. 'பரதேசி'யில் சாக்கு கட்டி நின்ற அதே தன்ஷிகாதான் 'கபாலி'யில் துப்பாக்கி பிடித்து வந்தார். மூன்றே வருஷத்தில் சாக்கிலிருந்து துப்பாக்கிக்கு! எங்கள் அக்காமார்களுக்கு அதே மூன்று வருஷத்தில் கிடைத்தது ஒரு புது முள்வாரி.

அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2015 டிசம்பரில், 'ஜகாட்' வந்திருந்தது. சஞ்சய் குமார் பெருமாள் எடுத்தது. தோட்டம் கலைந்து வெளியே வந்த குடும்பத்தின் பையன் எப்படிக் கெட்டுப்போகிறான் என்ற கதை. எங்கள் மண், எங்கள் பேச்சு, எங்கள் வசவு. 2016 மலேசியத் திரைப்பட விழாவில் அதைத் தேசிய மொழி அல்லாத படங்களின் வரிசையில் ஒதுக்கினார்கள், நாடே கொதித்தது, கடைசியில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதே அதற்குக் கிடைத்தது. எங்கள் வீட்டில் அதை எத்தனை பேர் தியேட்டரில் பார்த்தோம்? ஒருவரும் இல்லை. 'கபாலி'க்கு முதல் நாள் முதல் காட்சி, இரண்டு வேன். நம் கதையை நாமே எடுத்தால் அதற்கு விமானம் பறப்பதில்லை, வேனும் நகர்வதில்லை.

மலையேற வருகிறவர்களுக்கும் இப்போது புதுப் பைத்தியம் பிடித்திருக்கிறது. அம்மா போட்ட அதே கறுப்புக் கித்தா சப்பாத்து. அதற்குக் 'கம்போங் அடிடாஸ்' என்று செல்லப் பெயர். அடியில் கட்டை கட்டையாக முள் இருப்பதால் வழுக்காது, தண்ணீர் நின்றாலும் கழுவினால் தீர்ந்தது. எண்ணூறு வெள்ளிப் பூட்ஸ் போட்டுச் சேற்றில் விழுந்தவர்கள் அதைப் பெரிய கண்டுபிடிப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் போட்டால் ஏழ்மை, அவர்கள் போட்டால் ஞானம். பெயரைப் பாருங்கள், அதிலும் அடிடாஸுக்குத்தான் இலவச விளம்பரம். இந்த மலைக்கே 1885இல் வந்து அளந்துவிட்டுப் போன வில்லியம் கேமரனின் பெயர்தானே! அளந்தவன் பெயர் நிற்கும்; சுமந்தவன் பெயர் செக்ரோல் பதிவேட்டில் நிற்கும், சம்பளம் போடும் நாள் வரைக்கும்.

இனி அன்றைய படப்பிடிப்பு. அம்மா கடைசியில் கோணியைக் கட்டிக்கொண்டாள். வீட்டுக்கு வந்தவர் மனம் நோகக் கூடாது என்பது அவள் கட்சி. வெங்காயம் போட்டுவைத்த கூடையைக் காலி செய்து முதுகில் மாட்டினோம். தோட்டத்துக்குள் அனுமதி கிடைக்காததால், என் மச்சானின் காய்கறிப் பண்ணையை ஒட்டிய பழைய தேயிலைத் துண்டில் அவளை நிறுத்தினார் தம்பி. தூறல் விழுந்தது. "சூப்பர் அங்கிள், மழையும் வந்திருச்சு," என்றார். கோணி நனைந்தது; அம்மா சொன்னபடியே கல்லாகக் கனத்தது. எழுபத்திரண்டு வயது இடுப்பு.

கேமராவுக்குள் பார்த்தவர் முகம் சுளித்தார். பின்னால் ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார். மச்சான் பண்ணையில் இருக்கும் வங்காளதேசத்துப் பையன். ஊரில் நிலத்தை அடகு வைத்து ஏஜெண்டுக்குக் கட்டிவிட்டு வந்தவன். படுப்பது நாங்கள் ஒருகாலத்தில் இருந்த லயத்தில். அவன் கடப்பிதழ் மச்சானின் மேசை டிராயரில் பத்திரமாக இருக்கிறது. அடுத்தவர் கடப்பிதழைப் பூட்டி வைப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்று மச்சானிடம் ஒருமுறை சொன்னேன். "ஓடிப் போயிட்டா உன் அப்பனா வந்து கோசு வெட்டுவான்?" என்று கேட்டார். 'பரதேசி' பார்த்துவிட்டு ஈப்போவிலிருந்து வரும் வழியெல்லாம் வேனில் அழுதுகொண்டு வந்த அதே மச்சான்தான்.

அந்தப் பையன் இடுப்பில் உரச் சாக்கு. உள்ளே பிளாஸ்டிக், வெளியே சாக்கு, கயிற்றுக் கட்டு, தலைகீழாக 15-15-15. காலில் கறுப்புக் கித்தா சப்பாத்து. முப்பத்தோரு வருஷத்து அம்மா அச்சாக அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

"அங்கிள், அவரைக் கொஞ்சம் நகரச் சொல்லுங்களேன். ஃபிரேம்ல வர்றார். பிளாஸ்டிக் வேற."

அம்மா திரும்பி அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோணியின் முடிச்சில் கை வைத்தாள், அவிழ்க்கவில்லை.

நான்தான் போய் அவனை நகரச் சொன்னேன். மலாயில் சொன்னேன், தன்மையாகத்தான் சொன்னேன். அவன் தலையாட்டிவிட்டு, சாக்கைச் சரிசெய்துகொண்டு, மழைக்குள் பத்தடி தள்ளிப்போய் நின்றான். படம் நன்றாக வந்திருப்பதாகச் சொல்கிறார்கள். ஏதோ விழாவுக்கு அனுப்பியிருக்கிறார்களாம். உடைக்கு விருது கிடைத்தாலும் கிடைக்கும்.